அறிமுக வகுப்பு முடித்தவர்

குழந்தைகளை வளர்ப்பவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இன்று நமக்குப் பேச்சில்லை. குழந்தைகளை ஆராய்ந்து தடித்தடிப் புத்தகங்கள் எழுதியவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வழிக்கும் நாம் போகவேண்டாம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் நோட்டுப்புத்தகமுமாக, எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற ஓர் இனம் இருக்கிறது. அறிமுக வகுப்பு முடித்தவர் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால் நாமெல்லாம் என்ன செய்வோம்? மூக்கு யார் சாயல் என்று சண்டை போடுவோம், கன்னத்தைக் கிள்ளி அழவிடுவோம், அழுத குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் காபி குடிப்போம். இவர் அதெல்லாம் செய்யமாட்டார். இரண்டடி தள்ளி உட்கார்ந்து உற்றுப் பார்ப்பார். பிறகு மேஜைமேல் கிடக்கிற உங்கள் வண்டிச் சாவியை எடுத்து, குழந்தையின் கண்ணெதிரே தரையில் வைத்து, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுவார். குழந்தை துண்டை விலக்கித் தேடினால், கண்ணுக்கு மறைந்த பொருளும் உலகத்தில் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்ற ஞானம் அதற்கு வந்துவிட்டதாக அறிவிப்பார். தேடாவிட்டால் "இன்னும் வரல" என்பார், ரயிலைச் சொல்வதுபோல. ஞானம் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் அன்று வண்டியில் வீட்டுக்குப் போகமுடியாது. யாராவது அந்தத் துண்டைச் சாவியோடு சேர்த்துத் துவைக்கப் போட்டிருப்பார்கள்.

கடைத்தெருவில் ஒரு குழந்தை தரையில் விழுந்து புரண்டு கத்தினால் ஊரே ஒதுங்கிப் போகும். இவர் மட்டும் கிட்டப் போவார். "பயப்படாதீங்கம்மா. இது சுயமா நிக்கணுங்கிற ஆசைக்கும் வெட்கத்துக்கும் நடுவுல நடக்குற போராட்டம். இந்த வயசுக்கு வரவேண்டியதுதான்" என்பார்.

"சாக்லேட்டுக்கு நடக்குற போராட்டம் சார் இது. கொஞ்சம் வழி விடுங்க" என்பாள் அந்தத் தாய்.

இவர் வழி விடுவார். ஆனால் குறித்துக்கொள்வார்.

இந்த இனத்தில் மிகச் சுத்தமான மாதிரி ஒருவரை எனக்குத் தெரியும். எடை அளவை முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைப்பதும் தப்பாக இருந்தால் நோட்டீஸ் கொடுப்பதும் அவர் வேலை. கடைக்காரர்கள் அவரைத் தராசுக்காரர் என்பார்கள். மாதத்தில் இருபது நாள் முகாம், பத்து நாள் வீடு. ஒரு பொருளை ஒருமுறை நிறுத்து நம்புகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. மூன்று முறை நிறுத்து, சராசரி எடுத்து, அதற்குப் பிறகும் கொஞ்சம் சந்தேகம் பாக்கி வைத்துக்கொள்வார். சொந்த அப்பா இறந்த வீட்டில், உடலைக் கிடத்தப் பனிக்கட்டி கொண்டுவந்தவரின் தராசில் நானூறு கிராம் குறைகிறது என்று கண்டுபிடித்து, அங்கேயே உட்கார்ந்து நோட்டீஸ் எழுதியவர். "பெத்த அப்பன் போயிட்டாரு, கண்ணுல ஒரு சொட்டு இல்ல பாரு. இதெல்லாம் மனுசப் பிறவியா, இல்ல எடைக்கல்லா?" என்று அவருடைய அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ரகசியமாகச் சொன்னாள். அவர் காதிலும் விழுந்தது. நோட்டீஸில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

இப்படிப்பட்டவர் குழந்தை உளவியலுக்கு எப்படி வந்தார்? காதலித்து வரவில்லை. உத்தரவு வந்தது. மின்னணுத் தராசுப் பயிற்சிக்கு அனுப்பவேண்டிய பட்டியலில் அவருடைய வரிசை எண் இருந்தது; தலைமை அலுவலகத்தில் யாரோ அந்த எண்ணைக் குழந்தைகள் காப்பகப் பணியாளர்களுக்கான ஆறு வார மாலை வகுப்புக்குத் தட்டிவிட்டார்கள். நீங்களோ நானோ என்றால் ஒரு போன் போட்டுக் கேட்டிருப்போம். அவர் உத்தரவை மூன்று முறை படித்தார். எண் சரியாக இருந்தது. போய் உட்கார்ந்துவிட்டார், இருபத்திரண்டு காப்பகப் பெண்களுக்கு நடுவில், சட்டைப் பையில் முத்திரைக் கட்டையோடு.

வகுப்பின் பெயர் 'குழந்தை வளர்ச்சி உளவியல்: ஓர் அறிமுகம்'. அறிமுகம் என்றால் என்ன? கைகுலுக்குவது; சௌக்கியமா என்று கேட்பது. நம்மவர் கைகுலுக்கிய மறுநாளே குடித்தனம் வைத்துவிட்டார். காப்பகப் பெண்கள் பாடம் நடக்கும்போது, வீட்டில் யார் சமைப்பது, எந்தக் குழந்தைக்குச் சளி என்று யோசித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஒரு சொல் விடாமல் எழுதினார். கடைசி நாள் ஆசிரியை சொன்னார்: "இது வெறும் அறிமுகம்தான். தயவுசெஞ்சு வீட்டுல போய்ச் சொந்தக் குழந்தைங்களைச் சோதனை பண்ணிப் பார்க்காதீங்க." இவர் அதையும் எழுதிக்கொண்டார். 'வீட்டில் செய்யவேண்டியவை' என்ற தலைப்பின் கீழ்.

சோதிப்பதற்கு அவர் வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஐந்தரை வயதில் பெரியவள். பதினான்கு மாதத்தில் குட்டி.

முதலில் பெரியவள் மாட்டினாள். ஒரே மாதிரியான இரண்டு குட்டை டம்ளர்களில் தண்ணீரை அளந்து ஊற்றி, "ரெண்டும் சமமா?" என்றார். சமம் என்றாள். ஒன்றிலிருந்த தண்ணீரை ஒல்லியான உயரமான டம்ளரில் மாற்றி ஊற்றி, "இப்ப?" என்றார். உயரமானதில்தான் அதிகம் என்றாள். ஏழு வயதுக்குள் குழந்தைகள் அப்படித்தான் சொல்லும் என்று புத்தகம் சொல்கிறது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! மகள் தப்பாகப் பதில் சொன்னதற்கு இவ்வளவு பூரித்துப்போன தகப்பனை நான் பார்த்ததில்லை.

"ஏம்மா அப்படிச் சொன்னே?" என்றார், பென்சிலை எடுத்துக்கொண்டு.

"முதல்ல சமம்னு சொன்னேன். நீங்க மறுபடியும் அதையே கேட்டீங்க. அப்ப நான் சொன்னது தப்புன்னுதானே அர்த்தம்? அதான் மாத்திச் சொன்னேன்."

பென்சில் நின்றுவிட்டது. இந்தப் பதிலுக்குப் புத்தகத்தில் இடம் இல்லை.

அடுத்து, எதிரில் இருப்பவர் கண்ணுக்கு உலகம் வேறு மாதிரி தெரியும் என்பது சின்னக் குழந்தைக்குப் புரியாது என்ற பாடம். வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் ஹாலில் அடுக்கி மூன்று மலை கட்டினார். அந்தப் பக்கம் பொம்மையை உட்கார வைத்தார். "பொம்மை இருக்குற இடத்துலேர்ந்து பார்த்தா எந்த மலை முன்னால தெரியும்?" என்றார்.

"அதால பார்க்க முடியாதுப்பா. அது கண்ணு பெயிண்ட்டு."

"பார்க்க முடியும்னு வச்சுக்கோ."

"அப்ப உங்களைத்தான் பார்க்கும். அப்பா எதுக்கு மலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு எழுதுறாருன்னு நினைக்கும்."

மனைவி ஒரு கண் மருத்துவரிடம் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் இருக்கும் எழுத்துகளை மேலிருந்து கீழே படிக்கச் சொல்வது அவள் வேலை. நாள் முழுக்க மற்றவர்களுக்குத் தெரிகிறதா தெரியவில்லையா என்று கேட்டு அலுத்தவள். ஆறு தலையணையும் ஹாலில் கிடப்பதைப் பார்த்து, "மலையெல்லாம் சாயங்காலத்துக்குள்ள கட்டிலுக்குத் திரும்பிடணும்" என்று மட்டும் சொன்னாள்.

குட்டியின் விஷயம் வேறு. குட்டிக்கு ஒரு சொத்து இருந்தது: பழைய பித்தளை எடைக்கல். இருநூறு கிராம். விழுங்கமுடியாத பெரிசு. தேய்ந்துபோய் அலுவலகம் கழித்துவிட்டதை அவர்தான் ஒரு முகாமிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது இல்லாமல் அவள் தூங்கமாட்டாள், சாப்பிடமாட்டாள், குளிக்கமாட்டாள். பல் முளைக்கும்போது அதைத்தான் கடித்தாள். கடித்துக் கடித்துக் குறைந்திருக்குமோ என்று ஒரு நாள் அவர் அதை நிறுத்துப் பார்த்தார். இரண்டு கிராம் கூடியிருந்தது. காய்ந்த பிஸ்கட்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதே, ஐந்தாவது வாரத்தில், பிணைப்புப் பாடம் வந்திருந்தது. தராசுக்காரரின் வாழ்க்கை அதற்கு முன், அதற்குப் பின் என்று இரண்டாகிவிட்டது. பாடம் இதுதான்: குழந்தையையும் பெற்றவரையும் ஓர் அறையில் விட வேண்டும். ஓர் அந்நியர் உள்ளே வருவார். பெற்றவர் எழுந்து வெளியே போவார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவார். போகும்போது குழந்தை அழுது, வந்ததும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு சமாதானமானால் அது பாதுகாப்பான பிணைப்பு. போனாலும் கண்டுகொள்ளாது, வந்தாலும் கண்டுகொள்ளாது என்றால் விலகிய பிணைப்பு. போனாலும் அழுது, வந்தாலும் அழுது, தூக்கினால் உதைத்தால் அது தவிப்புப் பிணைப்பு. இந்த மூன்றிலும் சேராதது நாலாவது.

அன்று மாலை பாடம் முடிந்து வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்று குட்டியைப் பார்த்தார். குட்டி எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதத்துக்கு இருபது நாள் இவர் கிளம்பிப் போகிறார். அந்த இருபது நாளும் இவள் அழுதாளா? ஒருநாளாவது? அவர் இதுவரை கேட்டதே இல்லை. விலகிய பிணைப்பு என்றால் என்ன என்று யாரும் அவருக்கு விளக்கவேண்டியதில்லை, அத்தை விளக்கியிருக்கிறாள். மகளும் அதே வார்ப்புதானா? இல்லை, போனால் அழுகிற அளவுக்கு இவர் ஓர் ஆளே இல்லையா? இரண்டில் எது என்று தெரிந்தாக வேண்டும். இரண்டில் எது தேவலை என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

அறை இருந்தது, குழந்தை இருந்தது, ஸ்டாப் வாட்ச் இருந்தது. அந்நியர்தான் இல்லை.

நீங்கள் உங்கள் குடியிருப்பில் ஓர் அந்நியரைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? குட்டி, அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து பதினான்கு மாதம் அந்தக் கட்டடத்தை வலம் வந்தவள். லிஃப்ட் பழுது பார்ப்பவரைத் தெரியும், அவரிடம் போய்விடுவாள். தண்ணீர் கேன் போடுகிறவரைத் தெரியும், மேல்வீட்டு டீச்சரைத் தெரியும், டீச்சரைப் பெண் பார்க்க வந்து வேண்டாம் என்று போனவரைக்கூடத் தெரியும்.

"ஒரே ஒரு அந்நியன் வேணும். கிடைக்க மாட்டேங்குது" என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: "இந்த வீட்டுல அவளுக்கு அந்நியன்னா அது நீங்கதான். நீங்களே போய் உக்காருங்க."

சிரிப்பதற்காகச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். "சரி, ஞாயித்துக்கிழமை பண்ணுங்க. நானும் இருக்கேன்" என்றாள்.

அந்நியர் கடைசியில் கிடைத்தார். பழைய இரும்புக் கடைக்காரர். ஆறடி உயரம், கைப்பிடி அளவு மீசை. அவருடைய புதுத் தராசு முத்திரைக்காக இரண்டு வாரமாகக் காத்திருந்தது. "ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. தராசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்று இவர் சொன்னார். சம்பந்தம் இல்லை என்று ஓர் ஆய்வாளர் வாயால் சொன்னால் கடைக்காரர் என்ன நினைப்பார்? சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தராசையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நான் என்ன சார் பண்ணணும்? குழந்தையைச் சிரிக்க வைக்கணுமா, அழ வைக்கணுமா?"

"ஒண்ணும் பண்ணக்கூடாது. அந்நியனா இருங்க. போதும்."

"அது எப்படி சார் இருக்குறது?"

"சும்மா உக்காருங்க."

"சும்மா உக்காந்தா தெரிஞ்சவன் மாதிரி ஆயிடாதா சார்?"

இந்தக் கேள்விக்கும் புத்தகத்தில் இடம் இல்லை. சோபாவின் நுனியில், பெண் கேட்டு வந்தவர்போல, அவர் உட்கார்ந்தார். குட்டி தரையில் எடைக்கல்லோடு இருந்தாள். மனைவி நாற்காலியில். பெரியவள், நோட்டைப் பிடித்துக்கொள்ளும் உதவியாளர். கட்டங்கள் போட்டுத் தலைப்பெல்லாம் எழுதி வைத்திருந்தார்: பிரிவு எண், அழுதவர், தொடங்கிய நேரம், திரும்பி வந்ததும் நடந்தது.

முதல் பிரிவு. தராசுக்காரர் எழுந்து படுக்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மூன்று நிமிடம் நின்றார். வெளியே வந்தார். குட்டி அவர் போனதையும் பார்க்கவில்லை, வந்ததையும் பார்க்கவில்லை. அழுகை: இல்லை.

இரண்டாவது பிரிவு. போகிறது தெரியவில்லைபோலும் என்று இந்த முறை அறிவித்துவிட்டுப் போனார். "அப்பா போறேன்! குட்டி, அப்பா போறேன்! இதோ பாரு, போயிட்டே இருக்கேன்!" குட்டி நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் பல்லாக டாட்டா காட்டினாள். கதவு சாத்திய பிறகும் காட்டிக்கொண்டிருந்தாள் என்று பெரியவள் பிறகு சாட்சி சொன்னாள்.

மூன்றாவது பிரிவுக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டார். முகாமுக்குப் போகிற பெட்டி. ஷூவும் போட்டுக்கொண்டார். மேலே பனியன்தான். குட்டி பெட்டியைப் பார்த்ததும் தவழ்ந்து வந்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பெட்டியின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுற்றுகிறது என்று தெரிந்துகொண்டு, திரும்பிப் போய்விட்டாள்.

இந்தச் சமயம் பார்த்து மனைவி, அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து எழுந்து சமையலறைக்குப் போனாள். வீடே அதிர்கிற மாதிரி குட்டி வீரிட்டாள். தராசுக்காரரின் கட்டைவிரல், பழக்கதோஷம், அவள் போனபோதும் குட்டி வீரிட்டபோதும் ஸ்டாப் வாட்சை அழுத்திவிட்டது. நான்கு வினாடி. அம்மாவின் முதுகு மறைந்ததிலிருந்து நான்கே வினாடி.

"நான் வேணும்னு போகலைங்க. பால் பொங்கிடும்னு..." என்றாள் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு.

"பரவால்ல. இதுவும் ஒரு அளவுதானே" என்றார்.

"சார், நான் வேணா எழுந்து போய்ப் பார்க்கட்டுமா? எனக்காவது அழுவுதான்னு பார்ப்போம்" என்றார் இரும்புக்கடைக்காரர் ஆறுதலாக.

மூன்று அளவு எடுத்தாயிற்று. சராசரி பூஜ்யம். வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் அவர் அத்தோடு நோட்டை மூடியிருப்பார். அன்று நான்காவது அளவு எடுத்தார், தொழிலில் முதல் தடவையாக. பெட்டியோடு வாசலுக்கு வெளியே வந்து, மாடிப்படி முகப்பில் நின்று, கதவை இழுத்துச் சாத்தினார். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி உள்ளே இருந்தது, காலையில் குட்டியைச் சோதிக்கப் போட்ட துண்டுக்கு அடியில்.

ஒரு நிமிடம். கதவில் காதை வைத்தார். ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடம். உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். குட்டிதான். மூன்று நிமிடம். என்னவோ இரும்பு உரசுகிற ஒலி. பிறகு மின்னணுத் தராசு உயிர்பெறும்போது போடும் அந்த ஒற்றை ஊளை, அவர் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லக்கூடியது. அடுத்து பெரியவளின் கூவல்: "ஒம்பது கிலோ அறுநூறு! அம்மா, குட்டி ஒம்பது கிலோ அறுநூறு!"

முத்திரையில்லாத தராசு! முத்திரையில்லாத தராசில், ஓர் ஆய்வாளர் வீட்டு ஹாலில், அவர் பெற்ற பெண்ணை நிறுக்கிறான்! கதவைத் தட்டப் போனார். கை பாதியில் நின்றுவிட்டது.

அப்பாவையும் இப்படித்தான் வாரா வாரம் நிறுத்தார்கள். மருத்துவமனையில், மேடைத் தராசில் ஏற்றி. ஐம்பத்து நான்கு. ஐம்பத்து ஒன்று. நாற்பத்தேழு. ஒவ்வொரு முறையும் அப்பா திரும்பி இவர் முகத்தைப் பார்ப்பார். மகன் தராசு படித்தவன் அல்லவா. "மெஷின் சரியில்லப்பா. முத்திரையே இல்ல பாருங்க. நீங்க ஒண்ணும் குறையல" என்பார் இவர். "அதானே பார்த்தேன்" என்று அப்பா இறங்குவார், ஏதோ வழக்கில் ஜெயித்தவர்போல. அப்பா இறந்த பதினாறாம் நாள், இவர் சோதனைக் கற்களைத் தூக்கிக்கொண்டு தனியாக அந்த வார்டுக்குப் போனார். மூன்று முறை சோதித்தார். தராசு ஒரு கிராம்கூடத் தப்பாமல் சரியாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எட்டு மாதம் ஆகிவிட்டது. பதினான்கு மாதக் குழந்தைக்குக்கூட மறைந்ததைத் தேட ஒரு துண்டு இருக்கிறது. இவருக்கு எந்தத் துண்டைத் தூக்கிப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

முதலில் லிஃப்ட்தான் பழுதாகிவிட்டது என்று அவர் நினைத்தார். கயிறு இழுபடுகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். லிஃப்ட் கீழ்த்தளத்தில் விளக்கணைந்து நின்றுகொண்டிருந்தது. சத்தம் கிட்டத்திலிருந்து வந்தது. மிகக் கிட்டத்திலிருந்து. பனியனும் ஷூவுமாக, கையில் பெட்டியோடு, தராசுக்காரர் அழுதுகொண்டிருந்தார்.

மேல்வீட்டு டீச்சர் படியில் எட்டிப் பார்த்தாள். "எந்தக் குழந்தை அழுவுது?" என்றாள். பிறகு பார்த்துவிட்டு, "ஓ" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.



"யாரு அது?" கதவுக்கு உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

"சார்தான்மா. நான் என்னமோ தப்பா உக்காந்துட்டேன்போல" என்றது இரும்புக்கடைக்காரர் குரல்.

அப்போது கதவின் அடிப்பக்கத்தில் சத்தம் கேட்டது. டங். முழங்கால் உயரத்துக்கும் கீழே. டங். பித்தளையால் மரத்தில் அடிக்கிற சத்தம். டங். மூன்று முறை, பிறகு விடாமல்.

மனைவி கதவைத் திறந்தாள். குட்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். மூக்கிலிருந்து ஒழுகுவதை ஆர்வமாகப் பார்த்தாள். ஓடிவந்து ஒட்டிக்கொள்ளவில்லை. அழவில்லை. உதைக்கவில்லை. அவர் குனிந்ததும் எச்சில் பட்ட எடைக்கல்லை, பிஸ்கட்டோடு சேர்த்து, அவர் வாய்க்குள் திணித்தாள். கடிக்கச் சொன்னாள், அவளுடைய பாஷையில். அவர் கடித்தார். சரியாகத்தான் கடிக்கிறார் என்று கொஞ்ச நேரம் நின்று உறுதி செய்துகொண்டு, திரும்பித் தவழ்ந்துபோய், இரும்புக்கடைக்காரரின் மீசையைப் பிடித்துத் தொங்கினாள்.

எடைக்கல்லை யாருக்கும் கொடுக்கமாட்டாள் என்று சொன்னேனா? இப்போது சொல்லிவிட்டேன்.

தராசுக்காரர் வாயில் பித்தளையோடு மனைவியைப் பார்த்தார். "இது எந்த வகை?" என்பதுபோல ஏதோ கேட்டார்.

"எதை வாயில வச்சுக்கிட்டுக் கேக்குறீங்கன்னே புரியல" என்றாள் அவள், முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

நோட்டு பெரியவளிடம் இருந்தது. உதவியாளர் தன் கடமையில் தவறவில்லை. நான்காவது பிரிவு என்ற வரிசையில், 'அழுதவர்' என்ற கட்டத்தில், அவளுக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த நான்கைந்து சொற்களில் ஒன்றைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: அப்பா. நேரம் போடத் தெரியாததால் பக்கத்தில் ஒரு பூ வரைந்திருந்தாள்.

இரும்புக்கடைக்காரர் மீசையை விடுவித்துக்கொண்டு எழுந்தார். "சார், கேக்கக்கூடாது. இந்த நேரத்துல கேக்கவே கூடாது. நம்ம தராசு..."

தராசுக்காரர் சோதனைக் கற்களை எடுத்துவந்து, ஹால் தரையில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூன்று முறை சோதித்தார். சரியாக இருந்தது. முத்திரை வைத்தார். அப்புறம் குட்டியை மறுபடியும் அதில் உட்காரவைத்தார். ஒன்பது கிலோ அறுநூறு. இந்த முறை அவரும் சேர்ந்து கூவினார்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? இந்த இனம் திருந்தாது. மறுவாரமே பெரியவளின் முன்னால் இரண்டு பிஸ்கட்டை வைத்து, பத்து நிமிடம் தொடாமல் இருந்தால் நாலு தருவேன் என்று சொல்லிவிட்டு மறைந்து நின்று பார்த்தார். ஆறாவது நிமிடத்தில் அவரே ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டார் என்று கேள்வி.

நல்ல ஆள் அகப்பட்டார் என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. உங்களிடம் நோட்டு இல்லை, கட்டம் இல்லை. எந்த வகுப்புக்கும் நீங்கள் போனதில்லை. ரொம்ப சரி. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன். கடைசியாக, வேண்டிய ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பி வந்தீர்களே, அப்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டீர்கள்? வார்கூட இல்லாத செருப்புதானே? படியில் இறங்கும்போது எதற்காக ஒருமுறை இருமினீர்கள்? தெருமுனையில் எதை மறந்துவிட்டதுபோல நின்று சட்டைப் பையைத் தடவினீர்கள்?

யாராவது எட்டிப் பார்த்தார்களா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் வினாடிகளை எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று மட்டும்தான் சொல்கிறேன்.